இணக்கம்

செல்வராணி காறித் துப்பியபோது சுகந்தியின் காதில் விழுந்தது, "நல்லா இருக்கியா கண்ணு? பாத்து ரொம்ப நாளாச்சு" என்பதுதான்.

எச்சில் சுகந்தியின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் விழுந்தது. உழவர் சந்தையில் காலைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம். செல்வராணியின் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஆள்காட்டி விரல் சுகந்தியின் மூக்கைத் தொட்டுவிடும்போல ஆடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் தேனாக வழிந்தது.

"உடம்பப் பாத்துக்க சாமி. எந்நேரமும் உன்ற நெனப்புத்தான்."

"நீங்களும் பாத்துக்கோங்கக்கா" என்று சிரித்தாள் சுகந்தி. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செல்வராணி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே போய்விட்டாள். கீரைக்காரி சுகந்தி நீட்டிய பையை வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக நகர்ந்துகொண்டார்கள்.

சுகந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வராணியின் மகள் யாழினியும் அவளும் ஒரே சாயப்பட்டறையில், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். சுப்ரதா டையிங்கில் பாய்லர் வெடித்த அன்று அந்த அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். யாழினியையும் சேர்த்து ஒன்பது பேர் ஆவியில் வெந்து செத்தார்கள். காற்றாடி வைத்த ஓட்டையருகே விழுந்து கிடந்த சுகந்தி ஒருத்திதான் மிஞ்சினாள். மிஞ்சியவளுக்கும் தொண்டை வெந்துபோயிருந்தது. காது ஜவ்வு இரண்டும் கிழிந்துபோயிருந்தன.

இப்போது அவள் பேசுவதும் கேட்பதும் கம்பெனி வாங்கிக் கொடுத்த கருவிகளால்தான். கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. காதுகளில் மொட்டு மாதிரி இரண்டு. அவள் பேச நினைத்தால் தொண்டைத் தசை அசையும். பட்டை அந்த அசைவைப் படித்து, அவளுடைய பழைய குரலிலேயே வெளியே பேசும். பழைய வாட்ஸப் குரல் செய்திகளை எல்லாம் கொடுத்து அந்தக் குரலைச் செய்திருந்தார்கள். பெட்டிக்கு ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்து, முதலாளியே வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம்தான் விசாரணை ஆணையத்தின் முன்னால் அவள் சாட்சி சொன்னாள். மேனேஜர் குணசீலன் அந்த அறையின் கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போனதைக் கதவிடுக்கு வழியே கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். அதைச் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது கூட்டத்தில் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். செத்தவர்களை நினைத்து அழுகிறார்கள் என்று அவளும் அழுதாள்.

காலிப் பையோடு திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் டீ குடிக்க நின்றாள். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம்தான் திரையில். கீழே எழுத்து ஓடியது:

'கதவு சாத்தித்தான் இருந்தது: சாயப்பட்டறை விபத்தில் உயிர் தப்பிய பெண் சாட்சியம்.'

டீ கையிலேயே ஆறியது. எழுத்து ஓடி முடிந்து மறுபடி ஓடியது. சாத்தித்தான் இருந்தது. டிவிக்காரன் காசு வாங்கிக்கொண்டு புளுகுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் செல்வராணியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் எங்கேயும் பொருந்தவில்லை. கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளையும் டிவியையும் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஏதோ சொன்னார். "டீ நல்லா இருக்குதுங்களா" என்று அவள் காதில் கேட்டது. டீயைப் பற்றிக் கேட்கிறவனின் முகமா அது?

வீட்டில் அவள் கணவன் மோகனசுந்தரம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சுகந்தி தேதிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு அவன் முன்னால் போட்டாள்.

"ஆணையத்துல நா என்ன சொன்னேன்? வாயால சொல்லாதீங்க. எழுதுங்க."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினான்: 'கதவு சாத்தி இருந்துச்சுன்னு சொன்ன.'

"பூட்டி இருந்துச்சுன்னுதானே சொன்னேன்!"

அவன் தலையை ஆட்டினான். எழுதினான்: 'இப்பவும் சாத்தின்னுதான் சொல்ற.'

சுகந்தியின் கையில் கிடைத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைச் சுவரில் விட்டெறிந்தாள். "என்னங்கடா பண்ணி வச்சிருக்கீங்க என்னைய!" என்று கத்தினாள். தன் கத்தல் தன் காதில் முழுசாகக் கேட்டது. மோகனசுந்தரத்தின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்தது. அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"இப்ப நா என்ன சொன்னேன்? எழுதுங்க."

அவன் எழுதத் தயங்கினான். அப்புறம் எழுதினான்: 'எனக்கு என்னங்க ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு கேட்ட.'

பட்டை செய்த கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். எடுத்தது ஒரு பெண். "உங்க கருவி நான் சொல்றத மாத்திச் சொல்லுது, கேவலமா இருக்குது, எவன் கேட்டான் இத" என்று சுகந்தி மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். அந்தப் பக்கம் அவள் சொன்னதெல்லாம் நன்றியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பேசி வைத்த கையோடு போனில் செய்தி வந்தது: 'தங்கள் பாராட்டுக்கு மகிழ்ச்சி. ஐந்து நட்சத்திரம் வழங்கியதற்கு நன்றி.' அவள் நட்சத்திரம் எதுவும் வழங்கவில்லை. கையால் தட்டச்சு செய்து புகாரை அனுப்பினாள். அதற்கும் பதில் வந்தது: 'இக்கருவியின் உரிமையாளர் தாங்கள் அல்லர். உரிமையாளர் மூலம் தொடர்புகொள்ளவும்.'

தன் கழுத்தில் கிடப்பதற்கு இன்னொருவன் உரிமையாளன். சுகந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பட்டறையில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். கக்கூஸில் தண்ணீர் வரவில்லையா, காற்றாடி ஓடவில்லையா, வேலை முடிந்தும் ஆளை நிறுத்தி வைக்கிறானா, எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்பவள் அவள்தான். குணசீலன் அவளைக் கண்டால் வேறு பக்கம் போவான். அந்த வாயைத்தான் யாரோ இப்போது மடக்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் மோகனசுந்தரத்தின் பைக்கில் திருப்பூருக்குப் போனாள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், செல்போன் ரிப்பேர் கடைகளின் வரிசையில், பட்டை, மொட்டு சர்வீஸ் என்று பலகை வைத்த ஒரு கடை. உள்ளே நஸ்ரின் என்ற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சுகந்தி வாயைத் திறக்காமல் சைகையில் எழுதிக் காட்டச் சொன்னாள். நஸ்ரின் ஒரு கணம் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வெள்ளைப் பலகையை எடுத்து எழுதத் தொடங்கினாள். எழுதியதைச் சத்தமாகவும் சொன்னாள், மோகனசுந்தரத்துக்கும் கேட்கட்டும் என்று.

"கம்ப்யூட்டர்ல பிரவுசர் இருக்குல்லக்கா, அதுல எக்ஸ்டென்ஷன்னு ஒட்டிக்கும். நாம ஒண்ணு கேட்டா கூடவே நாலு வந்து ஏறிக்கும். பேஜ்ல நமக்குக் காட்ட வேண்டியத மறைக்கும், வேற ஒண்ணக் காட்டும். நாம பாக்கறதுதான் பேஜ்னு நெனச்சுட்டு இருப்போம். முந்தி அது கம்ப்யூட்டர்ல வந்துச்சு. இப்ப தொண்டையில வருது."

பட்டையைக் கழற்றாமலேயே ஒரு ஒயரைச் செருகினாள். திரையில் எக்ஸ்டென்ஷன் என்கிற நீட்சிகளின் பெயர்கள் வந்தன. அவளுக்குத் தெரிந்தவை மூன்றுதான்: குரல், செவி, போன். மிச்சமெல்லாம் கூடவே ஏறியவை. ஒரு நகைக்கடையின் நீட்சி இருந்தது. சுகந்தி தங்கம் என்று சொன்னால் அது முன்னால் 'சேதாரமில்லாத' என்று சேர்த்துக்கொள்ளும்.

"அடப்பாவி, அதனாலதான் பக்கத்து வீட்டம்மா நீ நகைச் சீட்டுப் புடிக்கிறயான்னு கேட்டுச்சு" என்றான் மோகனசுந்தரம்.

யாரும் சிரிக்கவில்லை. நஸ்ரின் ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்கினாள். ஒரு நீட்சி யாரோடு பேசினாலும் அவருடைய வயதைக் குறித்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்று வெறுமனே பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. எல்லாம் போயின. கடைசியில் ஒன்று மட்டும் போகவில்லை. அதன் பெயர் 'இணக்கம்'. நீக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எத்தனை தரம் அழுத்தினாலும் ஒரே வாசகம்தான் வந்தது: 'இந்த நீட்சி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது. நீக்க இயலாது.'

"இப்ப பேசுங்கக்கா" என்று எழுதினாள் நஸ்ரின். "அன்னைக்கு ஆணையத்துல சொன்னத அப்படியே சொல்லுங்க."

திரையை இரண்டாகப் பிரித்து வைத்தாள். இடது பக்கம் தொண்டை சொல்வது. வலது பக்கம் பட்டை வெளியே பேசுவது.

சுகந்தி பேசினாள். இடது பக்கம் எழுத்து வந்தது: 'மேனேஜர் குணசீலன் வெளிய பூட்டிட்டுப் போனான்.' வலது பக்கம்: 'வெளிய கதவு சாத்தி இருந்துச்சு.'

'ஒம்பது பேரக் கொன்னுட்டாங்க.' 'ஒம்பது பேரு நம்மள விட்டுப் போயிட்டாங்க.'

'நாங்க தட்டுனோம், கத்துனோம், தொறக்கல.' 'நாங்க கூப்புட்டோம்.'

'உங்கள நா விடமாட்டேன்.' 'உங்க நெலமை எனக்குப் புரியுதுங்க.'

நஸ்ரினின் கை பலகைமேல் நின்றுவிட்டது. அப்புறம் மெல்ல எழுதினாள்: 'சொல்லை மட்டும் மாத்தலக்கா. ஆளையே எடுத்துடுது. குணசீலன்ங்கற பேரு வலது பக்கம் வரவே இல்ல பாருங்க.'

அடுத்து மொட்டுகளைப் பார்த்தாள். அங்கேயும் அதே இணக்கம். வெளியிலிருந்து வருகிற ஏச்சும் சாபமும் உள்ளே போகும்போது நலம் விசாரிப்பாக மாறின. சுகந்தி பேசுவது மட்டும் அவள் காதுக்கு மாறாமல் போனது. அதனால்தான் அவளுக்கு இத்தனை நாளும் தெரியாமல் போனது.

"யாரு அனுமதி கொடுத்தது?" என்று கேட்டாள் சுகந்தி.

நஸ்ரின் தேடினாள். திரையில் ஒரு விரல்ரேகை வந்தது. அதற்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. அவள் அதைப் படித்துச் சொல்லவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அது மோகனசுந்தரத்தின் பெயர். "ஆஸ்பத்திரியில வாங்குனாங்க சுகந்தி. நீ நெனவில்லாமக் கெடந்த. அதிர்ச்சி தாங்காது, கடுமையான பேச்சு கொஞ்ச நாளைக்குக் காதுல விழக்கூடாதுன்னு சொன்னாங்க."

"காதுக்குச் சரிங்கண்ணா" என்றாள் நஸ்ரின், பலகையில் எழுதிக்கொண்டே. "தொண்டைக்கு எதுக்கு?"

"அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? கம்பெனி ஆளு காட்டுன எடத்துல வெரல வச்சேன்."

"தெரியாதுன்னா செரி" என்றாள் சுகந்தி. "என்ற பேச்சு மாறிப்போனது தெரியும்ல? ஆறு மாசமா நா உங்கள ஒரு வார்த்தை திட்டலைல்ல? ஒருக்கா குடிச்சுட்டு வந்து விழுந்தீங்க. அன்னைக்கு நா என்ன பேசுனேன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

வலது பக்கத்தில் அது வேறெப்படியோதான் வந்தது. ஆனால் இடது பக்கம் திரையில் இருந்தது. அவன் இடது பக்கத்தையும் படித்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"எடுக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான். "என்னமோ... வீடு அமைதியா இருந்துச்சு."

அந்த வாக்கியத்தில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. அதனால் ஓர் எழுத்தும் மாறாமல் அவள் காதில் வந்து விழுந்தது.

சுகந்தி அவனைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் கூட வாழ்ந்த ஆள். ஆஸ்பத்திரியில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவன்தான், கஞ்சி ஊட்டியவன்தான், அதெல்லாம் பொய்யில்லை. பேச வாய் திறந்தாள். என்ன பேசினாலும் அவனுக்கு இனிப்பாகத்தானே போய்ச் சேரும் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். கோபத்தைக்கூட ஒருத்தனிடம் ஒப்படைக்க முடியவில்லை.

நஸ்ரின் எழுதினாள்: 'முழுசா அழிச்சாத்தான் இணக்கம் போகும். அழிச்சா உங்க குரலும் போயிடும். கம்பெனி திரும்பப் பதிவு பண்ணித் தரமாட்டாங்க. அதோட இதுதான் உங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி. அழிச்சுட்டா இப்படி ஒண்ணு இருந்ததையே இல்லைன்னுடுவாங்க.'

"அப்ப இது இப்படியே இருக்கட்டும்."

சுகந்தி காதிலிருந்து மொட்டுகளைப் பிடுங்கினாள். கடைத்தெருவின் ஹாரன், பக்கத்துக் கடையின் பாட்டு எல்லாம் அறுந்து விழுந்தன. பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். கழுத்தில் அது பதிந்த தடம் வியர்த்திருந்தது. மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, பலகையை வாங்கி எழுதினாள்:

'இணக்கத்தக் கழட்ட முடியல. இதக் கழட்டிட்டேன்.'

வீடு திரும்பும் வழியெல்லாம் மோகனசுந்தரம் பைக்கில் திரும்பித் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே வந்தான். அவள் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, கேட்கவும் விருப்பமில்லை.

வீட்டுக்குள் போகாமல் நேராகச் செல்வராணியின் வீட்டுக்கு நடந்தாள்.

செல்வராணி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள். ஈரத் துணியை அப்படியே முகத்தில் வீசினாள். வாய் அகலத் திறந்து மூடியது. சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். துணி இன்னும் ஒன்று வந்து விழுந்தது. செல்வராணி கத்தி ஓய்ந்தபோதுதான் சுகந்தியின் கழுத்து வெறுங்கழுத்தாக இருப்பதைப் பார்த்தாள். தழும்பு ஏறிய அந்தக் கழுத்தை அவள் முன்பு பார்த்ததில்லை.

சுகந்தி காலண்டர்த் தாளை நீட்டினாள். அதில் எழுதியிருந்தாள்: 'எனக்குக் காது கேக்காது. அன்னைக்குச் சந்தையில என்னைய என்ன திட்டுனீங்கன்னு எழுதுங்கக்கா. ஒண்ணும் விடாம எழுதுங்க.'

செல்வராணி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

'என்ற புள்ளைய வித்துத் தின்னுட்டியேடி. அந்தச் சோறு உனக்குச் செரிக்குமாடி. ஒனக்கு அந்தக் குரலு எதுக்கு. அது வெந்து போயிருந்தா என்ன.'

சுகந்தி படித்தாள். மறுபடியும் படித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனுஷி அவளிடம் நிஜமாகப் பேசியிருந்தாள். அழுகை உடைந்துகொண்டு வந்தது. தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. துவைகல்மேல் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் நடந்ததெல்லாம் எழுதத் தொடங்கினாள். செல்வராணி அவள் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே நின்றாள். எழுதி முடிக்கும்வரை அவள் அசையவில்லை. முடிந்ததும் சுகந்தியின் முகத்தில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். அப்புறம் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். செத்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் அன்றைக்கே போனார்கள். முதல் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து ஆட்கள் கூட வந்தார்கள்.

ஆணையம் ஒரு வாடகைக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி வேதாசலம். எண்பதை நெருங்குகிறவர், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். சுகந்தியைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று தொழிலாளிகள் கேட்டதும் மறுக்காமல் நாள் குறித்துக் கொடுத்தார். கம்பெனி வக்கீல்தான் ஆட்சேபித்தார். சாட்சியின் குரல் பதிவாகிவிட்டது, சாட்சியே தன் குரலைப் பொய் என்று சொல்ல முடியாது என்றார்.

சுகந்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நஸ்ரின், மடியில் வெள்ளைப் பலகையோடு. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். யார் பேசினாலும் எழுதிக் காட்டினாள். இரண்டு வரிசை தள்ளிக் குணசீலன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மோகனசுந்தரமும் வந்திருந்தான். அவள் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றான்.

சுகந்தி கைப்பட எழுதிய சாட்சியத்தை மைக் முன்னால் நின்று செல்வராணி படித்தாள். அவள் வாய் அசைவதையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் சுகந்தி பார்த்தாள். நஸ்ரின் எழுதினாள்: 'பூட்டுனது வரைக்கும் படிச்சுட்டாங்க. சத்தமாப் படிக்கறாங்க.'

செல்வராணி நிறுத்தினாள். நீதிபதி தலையை ஆட்டினார். வாய் அசைந்தது. சுகந்தி பலகையைப் பார்த்தாள். நஸ்ரின் எழுதவில்லை. அவள் வாயைப் பிளந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி அவள் தொடையைத் தட்டினாள்.

கோணல்மாணலாக எழுத்து வந்தது: 'ஆமாம்மா, கதவு சாத்தியிருந்தது, போன தடவையும் அதைத்தானே சொன்னாங்க, புதுசா என்ன இருக்கு, அப்படிங்கறார்.'

மண்டபம் கொந்தளித்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைகள் உயர்ந்தன, வாய்கள் கிழிந்தன, ஒரு நாற்காலி விழுந்தது. செல்வராணி மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே கத்தினாள். சுகந்திக்கு ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாததால் அவள் கண் ஒரே இடத்தில் நின்றது.

நீதிபதி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏளனச் சிரிப்பில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் வந்து நலம் விசாரிக்கும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி. நூறு பேர் அவர் முகத்துக்கு நேராகக் கத்துகிறார்கள். அவர் கையை உயர்த்தி, இருக்கட்டும் இருக்கட்டும் என்கிறார். அந்தச் சிரிப்பை சுகந்திக்குத் தெரியும். சந்தையில் எச்சில் காலடியில் விழுந்தபோது அவள் சிரித்தது அதைத்தான்.

எழுந்து நேராக மேடை ஏறினாள். ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்தார். உதறினாள். நீதிபதியின் முன்னால் நின்று தன் காதைத் தொட்டாள். அவர் காதைக் காட்டினாள். நரைமுடிக்குக் கீழே, கருஞ்சாம்பல் நிறத்தில், அவள் போட்டிருந்த அதே மாதிரி மொட்டு இருந்தது. பிடுங்குவதுபோல் சைகை செய்தாள்.

வக்கீல் குதித்தார். நீதிபதி அவரையும் பார்த்து அதே சிரிப்பு சிரித்தார். பிறகு சுகந்தியின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். இந்தப் பெண் எதற்காகத் தன்னைப் பார்த்து இப்படி நடுங்குகிறாள் என்று யோசித்தவர்போல, மெதுவாகக் கையை உயர்த்தி மொட்டைக் கழற்றினார்.

அது இல்லாமல் அவருக்கும் அவ்வளவாகக் கேட்காது. செல்வராணி மேடையில் ஏறி அவர் காதருகே குனிந்தாள். சுகந்தி எழுதிய தாளை முதலிலிருந்து படித்தாள். கழுத்து நரம்பு புடைக்கப் படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நீதிபதியின் முகத்தை விட்டு அந்தச் சிரிப்பு போனதை சுகந்தி பார்த்தாள்.

நஸ்ரின் அதற்குள் கீழே இருந்தபடியே அவருடைய மொட்டை வாங்கித் தன் கருவியில் செருகியிருந்தாள். பெரிதாக எழுதிப் பலகையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்: 'இணக்கம். நீக்க இயலாது.' மண்டபத்து மைக்கின் சத்தம் பதிவு எந்திரத்துக்குப் போனதும் அவர் மொட்டு வழியாகத்தான். இத்தனை மாதமும் ஆணையத்தின் முன்னால் யார் வந்து எப்படிக் கதறியிருந்தாலும், பதிவில் ஏறியது அவர் கேட்டது மட்டும்தான்.

நீதிபதி பதிவு எந்திரத்தைக் கையால் ஒதுக்கித் தள்ளினார். உதவியாளரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சுகந்தியின் தாளைத் தன் பக்கம் இழுத்து, அவள் எழுத்துக்குக் கீழே எழுதினார். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. நேரம் எடுத்தது. எழுதி முடித்துத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

'பூட்டியது யார்? பூட்டச் சொன்னது யார்?'

சுகந்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை மாத விசாரணையில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சாத்தியிருக்கிற கதவைப் பார்த்து யார் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. காற்றுகூடச் சாத்திவிடும். பூட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, குணசீலன் என்று எழுதினாள். அழுத்தமாக எழுதினாள். தாளில் இன்னும் நிறைய இடம் இருந்தது. அடுத்த வரிக்குப் போனாள்.